முள்ளிப்பட்டில் இரண்டாவது அமாவாசை

கண்ணமங்கலத்தில் பேருந்தின் பின்சக்கரத்தில் காற்று இறங்கியதும் எல்லோரும் சக்கரத்தைப் பார்க்க ஓடினார்கள். நான் பெட்டியைப் பார்க்க ஓடினேன். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் வைத்திருந்த அந்தக் கறுப்புப் பெட்டிக்குள் நான்கு ஆன்டெனாக்கள் கொண்ட ரிசீவர் ஒன்றும், சின்ன டிரான்ஸ்மிட்டர்கள் இரண்டும் இருந்தன. மூன்றும் எங்கள் ஆய்வகத்தின் சொத்து. சனிக்கிழமை காலை திருப்பிக் கொடுத்துவிடுவதாக ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

அடுத்து வந்த பேருந்தில் நிற்கத்தான் இடம். பெட்டியைக் காலடியில் வைத்துவிட்டு டிக்கெட் வாங்கத் திரும்பினேன். திரும்பிப் பார்த்தால், கீரைக்கூடையோடு ஏறிய ஓர் அம்மா அதன்மேல் உட்கார்ந்திருந்தார்.

“அம்மா, அது பெட்டிம்மா.”

“பொட்டிதான்பா. பொட்டி மேல குந்தக் கூடாதா?”

“உள்ள மெஷின் இருக்கு.”

“ஒடையற சாமான்னா ஒடையற சாமான்னு சொல்லு. மூஞ்ச ஏன் அப்டி வெச்சிகினு இருக்க?” என்று எழுந்துகொண்டார். எழுந்தவர் சும்மா இருக்கவில்லை. ஆரணி வரும்வரை ஒரு கையைப் பெட்டிமேல் வைத்துக்கொண்டு, சாய்ந்தவர்களையெல்லாம் விரட்டினார். “தள்ளி நில்லுயா. அந்தப் புள்ள அழுதுரும்.”

நான் அழுகிற நிலையில்தான் இருந்தேன் என்பது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று புரியவில்லை.

எதற்காக இந்தப் பயணம் என்று சொல்லிவிடுகிறேன். கம்பியில்லாமல் வருகிற அலை நேராக வந்து சேர்வதில்லை. சுவரில், தகரத்தில், தண்ணீர்த் தொட்டியில் மோதிச் சிதறி, ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து வருகிறது. வழியில் அதற்கு என்ன ஆனது என்று தெரிந்தால்தான் அனுப்பியதைத் திரும்ப எடுக்க முடியும். அதனால் வழக்கமாக, இரண்டு பக்கத்துக்கும் தெரிந்த சில குறிகளை முதலில் அனுப்புவார்கள். அவை எப்படிக் கெட்டு வருகின்றன என்று பார்த்து வழியை அறிந்துகொள்வார்கள். நான் ஆராய்வது அந்த முன்குறிப்பே இல்லாத முறை. என்ன அனுப்பினார்கள் என்று தெரியாது, வழியும் தெரியாது. நான்கு ஆன்டெனாக்களில் விழும் நான்கு கலவைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டே இரண்டையும் கண்டுபிடிக்க வேண்டும். ஆங்கிலத்தில் இதற்குப் பார்வையற்ற மதிப்பீடு என்று பொருள்படும் பெயர்.

கணினிக்குள் கற்பனை வீதி அமைத்து இரண்டு வருடம் ஓட்டினேன். எல்லாம் சரியாக வந்தது. போன முறை கட்டுரையைத் திருப்பி அனுப்பியவர்கள், உலோகம் நிறைந்த, நிஜமாக ஆட்கள் வேலை செய்கிற ஓர் இடத்தில் அளந்து காட்டச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் அளந்து, எழுதி, வெளிநாட்டு மாநாடு ஒன்றுக்கு அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால், என் உதவித்தொகையை நீட்டிப்பதா என்று முடிவு செய்யும் கூட்டத்தில் காட்ட என்னிடம் ஒரு காகிதமும் இல்லை. நான் வேதாரண்யம் பக்கத்து உப்பளக்காரன். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படித்ததில்லை. நான் படித்து முடித்துவிட்டேன் என்றே அங்கே பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஊரில் அளந்திருக்கலாமே என்று கேட்கலாம். உப்பளத்தில் அலை மோத எதுவும் இல்லை. கண்ணுக்கு எட்டியவரை பாத்தி, அதற்கப்பால் வானம். எங்கள் ஊரில் எந்த முறையும் ஜெயித்துவிடும்.

ஆரணியை ஒட்டிய முள்ளிப்பட்டு அப்படியில்லை. விடுதி நண்பன் லோகேஷின் அத்தை தேவகி அங்கே பட்டு நெய்கிறார். அவர் வீட்டுக்குள் நுழைந்ததும் எனக்கு மகிழ்ச்சியும் பயமும் சேர்ந்தே வந்தன. கூடத்தை அடைத்துக்கொண்டு, காலைக் குழிக்குள் விட்டு மிதிக்கிற குழித்தறி. தலைக்குமேல் பூவேலைக்கான ஜக்கார்டு பெட்டி, இரும்பில், நூற்றுக்கணக்கான கொக்கிகளோடு. நெடுக்கே இழுத்துக் கட்டிய பாவில் ஓரத்துக்கு ஓரம் ஜரிகை. எதிர்வீட்டில் தேவகியின் கொழுந்தனார் குமார், அங்கேயும் இதேதான். தெருவின் இரண்டு பக்கமும் இன்னும் நான்கு வீடுகள். எல்லாவற்றிலும் தறி. கணினிக்குள் இப்படி ஒரு வீதியைக் கட்ட எனக்குத் தோன்றியே இருக்காது.

தேவகியின் கணவர் முருகேசன் பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

“இது இன்னா செய்யும்?”

“உங்க வீட்ல ஒண்ணு, எதிர் வீட்ல ஒண்ணு வைப்பேன். ரெண்டும் ஒரே நேரத்துல பேசும். நான் ரைஸ் மில் மொட்டை மாடியில இருந்து கேட்டு, யாரு என்ன பேசினாங்கன்னு பிரிக்கணும்.”

“ஒரே நேரத்துல ரெண்டு பேரு பேசறத பிரிக்கணுமா? இந்த ஊட்ல இருபது வருசமா அதான் செஞ்சிகினு இருக்கேன்” என்றார். உள்ளேயிருந்து தேவகி ஒரு பாத்திரத்தைச் சத்தமாகக் கீழே வைத்தார்.

மறுநாள் புதன்கிழமை. காலையில் போனால் தெருவே அமைதி. தறிச் சத்தம் இல்லை. எனக்குப் பகீர் என்றது. வேலைநிறுத்தமா, சாவா என்று விசாரித்தேன். அமாவாசை. அன்றைக்கு இங்கே தறியில் உட்கார மாட்டார்கள். நாள்காட்டியில் சமர்ப்பிக்கும் தேதியைச் சிவப்பில் வட்டமிட்டவன், பக்கத்திலிருந்த கறுப்பு வட்டத்தைப் பார்க்கவில்லை. நான்கு நாளில் ஒரு நாள் போயிற்று.

சும்மா இருக்க முடியாமல், ஒத்திகை மாதிரி இருக்கட்டும் என்று இரண்டு டிரான்ஸ்மிட்டர்களையும் வைத்துவிட்டு மூன்று தெரு தள்ளியிருந்த அரிசி ஆலைக்குப் போனேன். நெல் அவிக்கிற ஆவியும் இயந்திர இரைச்சலும் மாடிவரை வந்தன. பக்கத்தில் நின்று பேசினாலே காதில் விழாது. ரிசீவரைப் பொருத்தி, பதிவு செய்து, மடிக்கணினியில் கணக்கை ஓட்டினேன். அனுப்பியது என்ன என்று எனக்குத் தெரியும். கணினிக்குச் சொல்ல மாட்டேன். அது கண்டுபிடித்து முடித்த பிறகு ஒப்பிட்டுப் பார்ப்பேன். அனுப்பிய குறிகளில் ஆயிரத்துக்கு ஒன்றிரண்டுதான் தப்பு.

எழுந்து நின்றுவிட்டேன். மடிக்கணினி சரிந்து, பிடித்துக்கொண்டேன்.

அன்று மதியம் தேவகி வீட்டில் வடை, பாயசத்தோடு அமாவாசைச் சாப்பாடு. மீன் இல்லாத மதியம் எனக்குப் பழக்கமில்லை என்றாலும் மூன்று முறை சோறு வாங்கினேன். என் கணக்கில் ஒரு குறை உண்டு. இரண்டு பேச்சையும் பிரிக்குமே தவிர, எது யாருடையது என்று அதற்குச் சொல்லத் தெரியாது. அதற்கு மட்டும் சின்னதாக ஓர் அடையாளம் வைக்க வேண்டும். இதைச் சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன்.

குமார் இலையிலிருந்து நிமிர்ந்தார். “எங்க அண்ணி கொரலு எதுன்னு தெரியலன்னா அது மெஷினே இல்லபா.”

எல்லோரும் சிரித்தார்கள். தேவகியும் சிரித்தார். பயணம் புறப்பட்ட பிறகு நான் சிரித்தது அப்போதுதான்.

வியாழக்கிழமை தறிகள் ஓடின. ஆலை மாடியில் உட்கார்ந்து கணக்கை ஓட்டினேன். பத்துக்கு நான்கு தப்பு. காசைச் சுண்டிப் போட்டாலே பத்துக்கு ஐந்து சரியாக வரும். வயர்களை மாற்றினேன், மறுபடி பதிந்தேன். அதேதான். மதியத்துக்குள் காரணம் புரிந்துவிட்டது. நான் எடுத்துக்கொண்டது மின் மீட்டர், கிணற்று மோட்டார் போன்றவை பேசுகிற மெதுவான அலை. என் கணக்கு அதில் ஒரு நீளமான துண்டைச் சேர்த்து வைத்துக்கொண்டு, அந்த நேரம் முழுக்க வழி மாறவே இல்லை என்று நம்பும். ஆனால் ஒரு துண்டு முடிவதற்குள் இங்கே ஜக்கார்டு கொக்கிகள் ஏறி இறங்கிவிடுகின்றன. ஆறு வீட்டில், ஆறு விதமாக. என் கணக்கு நம்பிய வீதி வேறு, இருக்கிற வீதி வேறு.

தேவகி வீட்டுக்கு வந்தபோது என் முகத்தை முருகேசன் பார்த்துவிட்டார்.

“இன்னா தம்பி, பேஜாரா கீற?”

“நேத்து தறி நின்னுச்சு, நல்லா வந்துச்சு. இன்னைக்கு ஓடுது, வரலை.”

“அப்போ எங்க தொழிலுதான் உன் படிப்புக்கு எதிரியா?”

விளையாட்டாகத்தான் கேட்டார். தறியிலிருந்தே தேவகி கேட்டார்.

“நாளைக்கி ஆறு மணிக்குள்ள அனுப்பணும்னு சொன்னல்ல?”

“ஆமா அத்தை.”

“அனுப்பலன்னா?”

சொன்னேன். உதவித்தொகை, கூட்டம், எல்லாம். சொல்லியிருக்கக் கூடாது. அவர் குறுக்கு நூலோடு ஓடுகிற நாடாவை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் நெய்துகொண்டிருந்தது ஒரு முகூர்த்தப் புடவை. சனிக்கிழமை தறியிலிருந்து அறுத்து, வேலை கொடுக்கிற பெரிய நெசவாளரிடம் ஒப்படைக்க வேண்டியது. இன்னும் ஒரு முழத்துக்குமேல் பாக்கி இருந்தது.

அன்று சாயங்காலம் ஆரணிக்குப் போனேன். நான் தங்கியிருந்த அறைக்குக் கீழேயே பிரியாணிக் கடை. சீரகச் சம்பா, கத்திரிக்காய்த் தொக்கு, வெங்காயப் பச்சடி. சென்னையில் இதைப்பற்றி அவ்வளவு சொல்லி அனுப்பியிருந்தார்கள். நான் கால்வாசி தின்றுவிட்டு இலையை மடித்தேன். கடைக்காரர் என் இலையையும் என்னையும் பார்த்தார். “உப்பு கம்மியா?” என்றார். உப்பளக்காரனிடம் கேட்டதை நினைத்து இப்போது சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

அறையில் உட்கார்ந்து துண்டின் நீளத்தைக் குறைத்தேன். துண்டு சின்னதானால் அதற்குள் தறி அவ்வளவாக நகராது. ஆனால் கையில் கிடைக்கும் தகவலும் குறையும், இரைச்சல் கூடிவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு நீளம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். வேறு வழியும் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை தறி ஓடத் தொடங்கும் முன்பே, ஏழு மணிக்கு, இரண்டு வீட்டிலும் டிரான்ஸ்மிட்டர்களை முடுக்கினேன். தேவகி, “நாஷ்டா துன்னுட்டுப் போ தம்பி” என்று இட்லியும் வடகறியும் வைத்தார். வழக்கத்தைவிட இரண்டு இட்லி கூடுதல். குமார் வந்து என் முதுகில் தட்டினார். “ஜல்தியா கெளம்பு. இன்னிக்கி வரும் பாரு.” எனக்கு அவர்கள்மேல் வந்த அன்பில், அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதைக் கவனிக்கவில்லை.

ஆலை மாடி. பதிவு. புதிய நீளம். கணக்கு முடிய எடுத்துக்கொண்ட இரண்டு நிமிடமும் நான் நெல் மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். திரும்பினால், ஆயிரத்துக்கு ஐந்து தப்பு. இன்னொரு பதிவு. ஆயிரத்துக்கு நான்கு.

என் வழிகாட்டியைக் கூப்பிட்டேன். மேடம் சுலபத்தில் பாராட்டுகிறவர் இல்லை.

“தறியெல்லாம் ஓடிக்கிட்டிருக்கும்போதா?”

“ஆமா மேடம். ஆறு தறி. துண்டைச் சின்னதாக்கினேன், அவ்வளவுதான்.”

“நல்லா இருக்கே. கட்டுரையோட தலைப்பையே மாத்திடலாம். அட்டவணையை மூணு மணிக்குள்ள அனுப்பு. மத்ததை நான் பாத்துக்கறேன்.”

அப்போதே அப்பாவுக்கும் சொல்லிவிட்டேன். “சரிப்பா, சாப்பிட்டியா?” என்றார். அவருக்கு எல்லாச் செய்திக்கும் அதுதான் பதில்.

பன்னிரண்டு மணிக்கு டிரான்ஸ்மிட்டர்களை எடுக்கப் போனேன். தெருவுக்குள் திரும்பியதும் என் செருப்புச் சத்தம் எனக்குக் கேட்டது. முதலில் அது ஏன் வினோதமாக இருக்கிறது என்று பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது. ஒரு தறியும் ஓடவில்லை.

வீட்டு வாசல்களில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தர் பேப்பர் படித்தார். ஒரு பெண் அரிசி புடைத்தபடி என்னைப் பார்த்துச் சொன்னார்: “மெட்ராசுலந்து ஒரு புள்ள வந்து, ஒரே வாரத்துல ரெண்டாவது அமாவாச வெச்சிடுச்சி.”

தேவகி வாசலுக்கு வந்தார். “நல்லா வந்துச்சா தம்பி?”

“அத்தை, தறி?”

“போடல. யாரும் போடல. காலைல இருந்து ஒரு மிதி மிதிக்கல. ஆறு ஊட்லயும் நான்தான் போயி சொன்னேன். சொன்னா நீ வாணாம்னுவ, அதான் உங்கிட்ட சொல்லல.” அவர் முகம் அவ்வளவு நிறைவாக இருந்தது. “வந்துச்சா இல்லியா?”

“வந்துச்சு” என்றேன்.

உட்கார இடம் தேடினேன். முருகேசன் ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டார். காலையில் நான் மேடமிடம் சொன்னது ஒவ்வொரு சொல்லாகத் திரும்ப வந்தது. ஆறு தறி. ஓடும்போதுதான். துண்டைச் சின்னதாக்கினேன், அவ்வளவுதான். நான் அளந்தது மறுபடியும் ஓர் அமாவாசையை. மணி பன்னிரண்டே கால். அட்டவணை கையில் இருக்கிறது. எண்கள் பொய்யில்லை, அந்த எண்கள் அந்தத் தெருவில்தான் வந்தன. தறி ஓடும்போது வந்தவை என்று அவற்றை அப்படியே அனுப்பினால், இந்தத் தெருவைத் தவிர உலகத்தில் யாருக்கும் தெரியாது. இந்தத் தெருவும் எனக்காகச் சந்தோஷம்தான் படும். இதை நான் நினைத்தேன். எவ்வளவு நேரம் என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. தேவகி மோர் கொண்டுவந்து கொடுத்து, நான் குடித்து முடித்து, அவர் டம்ளரை வாங்கிக்கொண்டு போகும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

“அத்தை, எனக்கு தறி ஓடும்போதுதான் வேணும்.”

அவருக்குப் புரியவில்லை. “ஓடனா வரலன்னியே?”

“வரலைன்னா வரலைன்னு எழுதணும். நீங்க நிறுத்தினது தெரியாம, ஓடும்போதே வந்துச்சுன்னு மேடம்கிட்ட சொல்லிட்டேன்.”

குமார் தலையைச் சொறிந்தார். “அப்போ அண்ணி கெடுத்துட்டாங்களா?”

“இல்லண்ணா.” தேவகியின் முகம் வாடிவிட்டது. சனிக்கிழமை ஒப்படைக்க வேண்டிய புடவையில் அரை நாளை எனக்காக விட்டவர் அவர். நான் ஏதாவது நல்லதாகச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு மணிக்குள் எல்லோரும் தறியில் உட்கார முடியுமா என்று மட்டும் கேட்டேன்.

முருகேசன்தான் எழுந்தார். “நில்லுன்னா நிக்கறோம், ஓட்டுன்னா ஓட்டறோம். படிச்சவன் சொல்றான்பா, வாங்க” என்று தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்தார். அதில் கேலி இருந்தது. கோபம் இருந்ததா என்று நான் பார்க்கத் துணியவில்லை.

ஒரு மணிக்குத் தெரு முழுக்கத் தடதடவென்று சத்தம் எழுந்தது. அதைக் காதால் கேட்ட பிறகே ஆலைக்கு ஓடினேன். இந்த முறை நான்கு பதிவுகள். பத்துக்கு இரண்டு தப்பு. வியாழக்கிழமையைவிடப் பாதி. பயனுள்ள கருவி பொறுத்துக்கொள்ளும் தப்பைவிட எத்தனையோ மடங்கு அதிகம்.

கூப்பிட்டேன். மேடம் எடுத்ததும், “அட்டவணை ஆச்சா?” என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். புதன், வியாழன், இன்று காலை, இன்று மதியம். பின்னால் ஆலை இரைந்துகொண்டிருந்ததால் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. தப்பைக் கத்திச் சொல்வது சிரமம்.

மேடம் நேராக அட்டவணைக்கு வந்தார்.

“அட்டவணையில எந்த எண் போகணும்னு நினைக்கிற?”

“ரெண்டும் மேடம். நின்னப்போ ஒண்ணு, ஓடினப்போ ஒண்ணு.”

“ரெண்டையும் போட்டா, ஏன் இப்படின்னு விளக்கணும். நாலு மணி நேரத்துல அது ஆகாது. தெரியுமில்ல?”

“தெரியும் மேடம்.”

“அப்ப இன்னைக்கு அனுப்பல. கூட்டத்துல நான் பேசிப் பாக்கறேன். அவங்க என்ன சொல்வாங்கன்னு எனக்குத் தெரியாது.” பிறகு, இறங்கிய குரலில், “தறி நிமிஷத்துக்கு எத்தனை தடவை அடிக்குதுன்னு குறிச்சியா?” என்றார்.

குறிக்கவில்லை. நான்கு நாளாக அந்தத் தெருவுக்குள் போய்வந்திருக்கிறேன். தறிச் சத்தம் எனக்கு இடைஞ்சல் என்று மட்டுமே தெரிந்திருந்தது.

“குறிச்சிட்டு வா. ஆறு தறிக்கும். வழி எவ்வளவு வேகமா மாறுதுன்னு அதுலதான் தெரியும்” என்று வைத்துவிட்டார்.

மூன்று மணிக்குத் தேவகி வீட்டுக்குள் போனேன். அவர் நிமிரவில்லை. தறிக்குப் பக்கத்தில் கைக்கடிகாரத்தோடு உட்கார்ந்து, நூலை நெருக்கிவிடுகிற பலகையின் ஒவ்வோர் அடியையும் எண்ணத் தொடங்கினேன். பாதி நிமிடத்துக்குள் அடிகள் நெருங்கி விழுந்தன. நாடா பறந்தது. முதல் நிமிடத்துக்கும் இரண்டாவது நிமிடத்துக்கும் அவ்வளவு வித்தியாசம்.

“அத்தை, நீங்க எப்பவும் இவ்வளவு வேகமாவா நெய்வீங்க?”

“நீ எண்ணிகினு இருக்கல்ல. கம்மியா வந்துச்சின்னா?”

“கம்மின்னா கம்மி. எப்பவும் நெய்யற மாதிரி நெய்யுங்க.”

“பாத்துகினே இருந்தா எப்டி நெய்யறது?” என்றார். மதியத்துக்குப் பிறகு முதல் முறையாக அவர் வாயோரம் லேசாக அசைந்தது.

நான் ஸ்டூலைத் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டேன். முதுகுக்குப் பின்னால் பலகை இரண்டு முறை தயங்கி விழுந்தது. பிறகு அவர் என்னை மறந்துவிட்டார் என்று சத்தத்திலேயே தெரிந்தது. ஒன்று என்று எண்ண ஆரம்பித்தேன்.